நின்றுபோன டவுன் பஸ் திரும்ப வர 17 மாதம்: எங்கள் ஊர் அலைந்து கற்றுக்கொண்டது

எங்கள் ஊர் நெல்லை மாவட்டம் களக்காட்டுப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சுற்றிலும் வாழையும் நெல்லும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்த மழையில், எங்கள் ரோட்டுத் தாம்போதியின் (மழைத்தண்ணீர் மேலே ஓடும்படி தாழ்வாகக் கட்டிய பாலம்) ஒரு பக்கத்தைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு நின்ற டவுன் பஸ், 2025 ஜூனில் பள்ளி திறந்தபோதுதான் மறுபடி ஊருக்குள் வந்தது. இந்த 17 மாதத்தில் பாதிக்கு மேல் எங்களுக்கு விவரம் தெரியாததால் போனது. ஆரம்பத்திலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஆறேழு மாதத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பஸ் நின்றுபோன ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு அந்த மாதங்கள் மிஞ்சட்டும்.

முதல் தவறு மார்ச் மாதம் நடந்தது. தாம்போதியை அடைத்து, ரோட்டுக்கு ஒட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். ரோடு சரியானதும் பஸ் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்பி உட்கார்ந்திருந்தோம். வரவில்லை, ஏனென்றால் ரோடு சரியான விஷயம் டிப்போவுக்குத் தெரியவே தெரியாது. ரோடு ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், பஸ் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தம். அவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்த அன்றே ஒன்றியப் பொறியாளரிடம் போய், "இந்தச் சாலை பேருந்து போகத் தகுதியாக உள்ளது" என்று ஒரு கடிதம் வாங்கி, அதை டிப்போவின் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன். ஒரு ஊருக்குப் போகாமல் மிச்சமாகிற நேரம் அப்படியே காலியாகக் கிடக்காது. வேறொரு ஊருக்கு ஒரு நடையை, அதாவது ஒருமுறை போய்வருவதை, கூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் உங்கள் பஸ்ஸைக் கேட்டால், இன்னொரு ஊர் பஸ்ஸைப் பிடுங்கிக் கொடு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு அதுதான் ஆனது.

மனு கொடுக்கலாம் என்று கிளம்பிய நேரத்தில் 2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. நடத்தை விதி மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை. அதுவரை கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் கிடையாது. ஜூனில் 312 கையெழுத்தோடு "எங்கள் ஊருக்குப் புதிய பேருந்து வேண்டும்" என்று மனு கொடுத்தோம். ஒரு வேன் நிறைய ஆளோடு போனோம். ஆகஸ்டில் பதில் வந்தது: வருவாய் குறைவு, பணியாளர் பற்றாக்குறை, எதிர்காலத்தில் பரிசீலிக்கப்படும். மனு முடித்து வைக்கப்பட்டது. அந்தக் காகிதத்தைப் படித்தபோது வந்த ஆத்திரம் இப்போதும் நினைவிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் ஷேர் ஆட்டோவில் பதினோரு பேராக நெருக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு 40 ரூபாய், போக வர 80. மாதம் 22 நாள் பள்ளி என்றால் ஒரு பிள்ளைக்கு 1,760 ரூபாய். சீருடையோடு ஏறினால் பஸ்ஸில் காசே கிடையாது. பீடி சுற்றுகிற, வாழைக் காட்டில் கூலிக்குப் போகிற வீடுகளில் இந்த 1,760 என்பது என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வீடுகளில் பெண் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து ஊரில் இருக்கிற, கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவரிடம் போனோம். மனுவைப் படித்துவிட்டு அவர் சொன்னது: "புது பஸ்ஸு கேட்டா எங்கேருந்துப்பா தருவாங்க? ஓடுத வண்டியில எங்க நேரம் கெடக்குன்னு பாருங்க. அதக் கேளுங்க." எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான். ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, ஒரு டவுன் பஸ்ஸின் நாள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினார். அதைப் புரிந்துகொள்ளாமல் எந்த ஊரும் பஸ் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வண்டிக்கு ஒரு ஷெட்யூல். அதிகாலை டிப்போவை விட்டுக் கிளம்பி இரவு அடைகிற வரை, எத்தனை சிங்கிள் (ஒரு பக்கப் பயணம்), எங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும், டிரைவரும் கண்டக்டரும் எங்கே மாற வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒருவருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் குறைந்தது அரை மணி ஓய்வு. இந்தச் சட்டகத்துக்குள்தான் நடைகளை அடுக்க முடியும். இப்போது எங்கள் மனுவைப் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே 4, வெளியே 4, ஆக 8 கிலோமீட்டர். கிராமத்து ரோட்டில் மணிக்கு 22 கிலோமீட்டர் என்று வைத்தாலே 22 நிமிஷம். நிறுத்தங்களுக்கு 3, 4 நிமிஷம், ஊரில் வண்டியைத் திருப்ப 4 நிமிஷம். ஒரு நடைக்கு அரை மணி கூடுகிறது. நாங்கள் கேட்டது 6 நடை, அதாவது 3 மணி நேரம். எந்த ஷெட்யூலிலும் 3 மணி நேரம் சும்மா கிடக்காது. "பணியாளர் பற்றாக்குறை" என்று வந்த பதிலின் அர்த்தம் இதுதான். நாங்கள் கேட்டதை எவ்வளவு நல்ல அதிகாரி நினைத்தாலும் கொடுத்திருக்க முடியாது.

அண்ணாச்சி சொன்னபடி அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ரெஜிஸ்டர் தபால், அவ்வளவுதான் செலவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ஏன் பஸ்ஸை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஆவண நகல் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டவை: எங்கள் ஊருக்கு அனுமதிக்கப்பட்ட வழித்தடத்தின் நகல், எங்கள் பக்கம் ஓடுகிற வண்டிகளின் ஷெட்யூல் தாள், கடந்த 6 மாதத்தில் ரத்தான நடைகளும் அதற்கு எழுதப்பட்ட காரணமும், வெள்ளத்துக்கு முந்தைய 3 மாதத்துக்கு நடைவாரியாக வசூலும் கட்டணமில்லா டிக்கெட் எண்ணிக்கையும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்களுக்கு 26ஆம் நாளில் வந்துவிட்டது. அதில் தெரிந்த மிக முக்கியமான விஷயம், எங்கள் ஊர் வழித்தடம் காகிதத்தில் ரத்தாகவில்லை, நடை மட்டும் தற்காலிகமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பது. ட்ரிப் கட் வேறு, வழித்தட ரத்து வேறு. வழித்தடம் உயிரோடு இருந்தால் நீங்கள் கேட்பது பழையதை மீட்க. இல்லாவிட்டால் புதிதாக அனுமதி வாங்கணும், அது நீண்ட வேலை. முதல் மனுவில் "புதிய" என்று ஒரு வார்த்தை போட்டு, கையில் இருந்த உரிமையை நாங்களே விட்டுக்கொடுத்திருந்தோம்.

செப்டம்பரில் ஏழு நாள் ஆள் எண்ணினோம். காலை 5.45 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 8 மணி வரை, பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் முறை வைத்து இரண்டு பேர். அட்டையில் ஆறு கட்டம்: நேரம், பள்ளி, கல்லூரி, கூலி வேலை, ஆஸ்பத்திரி, சந்தை. அதன் பக்கத்தில், எங்கே போகிறார், இப்போது எதில் போகிறார் என்ற குறிப்பு. மொத்த எண்ணிக்கையை விட இந்தப் பிரிவுதான் வேலைக்கு ஆகும். எங்கள் கணக்கில் காலை 7 முதல் 8 வரை மட்டும் 58 பேர், அதில் 41 பேர் மாணவர்கள். மத்தியானம் பூராவும் ஒன்பது பேர்தான். அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது, தேவை 6 நடை கிடையாது, காலை ஒன்று, மாலை ஒன்று, ராத்திரி ஒன்று. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் புறநோயாளியாகப் போகிறவர்களும் அதே காலை வண்டியில் போனால்தான் சீட்டு வாங்கும் நேரத்துக்குள் சேர முடியும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லவே கூடாது. கிராமசபைக்கு எழுதிய முதல் வரைவில் ஒருவர் 200 என்று போட்டார். அதிகாரி ஒருநாள் காலையில் வந்து நின்று 60 பேரைப் பார்த்தால், அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார். முகூர்த்த நாள், விடுமுறை, பரீட்சை நாள் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி வழித்தடம். எங்களுக்கு விடிவு வந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மெயின் ரோட்டில் எங்கள் விலக்கை (ஊருக்கு ரோடு பிரியும் இடம்) தாண்டி 3 கிலோமீட்டரில் பக்கத்து ஊர் விலக்கு. அங்கிருந்து அந்த ஊர் 5 கிலோமீட்டர் உள்ளே. எங்களுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அந்த ஊருக்குத்தான் கூடுதல் நடையாகப் போயிருந்தது. எங்கள் விலக்கில் ஆரம்பித்துக் கணக்குப் பார்த்தால் வண்டி 3, 5, 5, 3 என்று 16 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது. அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டர் ஒன்றிய ரோடு உண்டு, வாழை லோடு போகிற ரோடு. வண்டி வந்த வழியே திரும்பாமல் இந்த ரோட்டில் எங்கள் ஊருக்கு வந்து மெயின் ரோட்டை அடைந்தால் 3, 5, 2.5, 4, ஆக 14.5 கிலோமீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது, டீசல் மிச்சம், ஊருக்குள் வண்டியைத் திருப்புகிற வேலையும் இல்லை. ரோடு ஒடுக்கமானதால் நேரம் மட்டும் ஏறக்குறைய அதேதான். ஒரு வண்டி, அதே ஆட்கள், அதே நேரம், இரண்டு ஊர். இதைப் படமாக வரைந்து தூரத்தோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் கிளை மேலாளர் எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார்.

ஆனால் பக்கத்து ஊரின் சம்மதம் இல்லாமல் இதைக் கொண்டுபோயிருந்தால் ஒரே வாரத்தில் எதிர் மனு வந்திருக்கும். நியாயமான பயம் அவர்களுக்கு இருந்தது. அந்த 5 கிலோமீட்டர் ரோட்டில் நடுவே இருக்கிற சிறு குடியிருப்புக்காரர்கள் திரும்பி வரும் வண்டியில் ஏறிப் பழகியவர்கள். வளையம் போட்டால் அவர்கள் உள்ளே போகும் வண்டியில் ஏறிச் சுற்றி வர வேண்டும், கால் மணி நேரம் கூடும். நாங்கள் முதலில், காலையில் ஒரு திசை, மாலையில் எதிர்த் திசை என்றால் சமமாகிவிடும் என்று சொன்னோம். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அக்கா விரலால் தரையில் கோடு போட்டு, "காலையில நாங்க முதல்ல ஏறி ஊரெல்லாம் சுத்தணும், சாயந்தரம் கடைசியா இறங்கணும், ரெண்டு நேரமும் எங்களுக்குத்தானா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. இரண்டு நேரமும் ஒரே திசையில் ஓடினால்தான் காலையில் அவர்களுக்குச் சுற்று, மாலையில் எங்களுக்குச் சுற்று. அப்படியே மாற்றினோம். அக்டோபர் 2 கிராமசபையில் இரண்டு ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டன. எங்கள் ஊருக்கும் அவர்களுக்கும் பழைய கசப்புகள் உண்டு. பிள்ளைகள் படிப்பை முன்னால் வைத்துப் பேசியதால்தான் எட்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

ரோட்டு ஆய்வுக்கு முன் நாமே ஒருமுறை அளந்துவிட வேண்டும். பஸ் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட அகலம், 11, 12 மீட்டர் நீளம். ஆள் நிறைந்தால் 15, 16 டன் எடை. எங்கள் ஒன்றிய ரோட்டில் தார் அகலம் 3 மீட்டர்தான். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் வேண்டும், அதனால் அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக ஐந்து ஒதுங்குமிடம் குறித்து வைத்தோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல் ரோட்டுக்குள் வந்திருந்தது. ஜேசிபி 3 மணி நேரம், 3,600 ரூபாய். வாய்க்கால் பாலம் பழைய கல்கட்டு, அதற்கு ஒன்றியப் பொறியாளர் சான்று தராமல் டிப்போ நகராது. அதற்கே ஐந்து வாரம் ஆனது, முதல் நாளே அதைக் கேட்டிருக்க வேண்டும். தெருவைக் குறுக்கே தாண்டும் மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வீட்டு சர்வீஸ் வயர் கை நீட்டினால் மாடியிலிருந்து தொடும் அளவுக்குத் தொங்கியது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து ஏற்றினோம். வருத்தமான செலவு ஒன்று: ஆரம்பத்தில் யாரையும் கேட்காமல் வண்டி திரும்ப இடம் என்று கோயில் முன்னால் இரண்டு லோடு சரள் மண் அடித்தோம், 7,000 ரூபாய். 12 மீட்டர் வண்டி ஒரே மூச்சில் திரும்ப ஏறக்குறைய 24 மீட்டர் வட்டம் வேண்டும், அங்கே இருந்தது 15. வளையம் போட்டதும் அந்த இடமே தேவைப்படவில்லை. அலைச்சல், ஜெராக்ஸ், வேன் எல்லாம் 3,200. மொத்தம் 13,800 ரூபாய் ஊர்ப்பணம், அதில் பாதி வீண்.

நேரம் கேட்கும்போது நிமிஷக் கணக்காகக் கேளுங்கள். எங்கள் வண்டி களக்காட்டுக்கு 8.10க்கு வந்து, நெல்லை வண்டி 8.05க்குப் போய்விட்டால் ஊருக்குள் பஸ் வந்தும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயன் இல்லை. நெல்லை வண்டியைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். வெளியூர் வண்டிகளின் நேரம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அரசு வண்டியும் தனியார் வண்டியுமாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒன்றை அசைத்தால் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். டவுன் பஸ்ஸை அசைப்பது எளிது. ஊரிலிருந்து 7.25 என்றிருந்ததை 7.10 ஆக்கினோம். மாறி ஏற 10 நிமிஷமாவது இடைவெளி வேண்டும், மழை நாளில் அதுவே போதாது. இன்னொன்று, வண்டி சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாகவே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது அந்த வகை வண்டியில்தான். வேறு வகைக்கு மாற்றி "பஸ் விட்டுவிட்டோம்" என்றால் வீட்டுப் பெண்கள் மறுபடி காசு கொடுக்கணும்.

அரசு பஸ் அறவே எட்டாத ஊர்கள் 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தைப் பார்க்கலாம். வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது பஸ் ஓடாத ரோடாக இருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஊர்ப்பெயரோடு வழித்தடத்தை எழுதிக் கொடுத்தால், அறிவிப்பில் சேர வாய்ப்பு உண்டு. ஆனால் ஓட்டுபவர் ஒருவர் முன்வர வேண்டும், வருமானம் இல்லாத நேரத்தில் அவர் ஓட்டுவாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கூட்டு ஆய்வு 2025 பிப்ரவரியில் நடந்தது. வழித்தட மாற்றத்துக்குக் கழகம்தான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கும், நாம் செய்ய வேண்டியது கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை விசாரிப்பது. ஆய்வு அன்றே ஸ்டேஜ் (கட்டணம் கணக்கிடும் நிறுத்தம்) விஷயத்தைப் பேசி முடித்திருக்க வேண்டும், விட்டுவிட்டோம். வளையத்தில் உள்ளே போகும்போது ஏறுகிறவருக்குத் தூரம் கூடுவதால் கட்டணமும் கூடிவிடும், பழைய கட்டணமே வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கணும். எங்கள் ஊர் ஸ்டேஜ் டிக்கெட் மிஷினில் ஏறாததால் முதல் மூன்று வாரம் கண்டக்டர் பக்கத்து ஊர் டிக்கெட்டைத்தான் கிழித்துக் கொடுத்தார். கணக்கில் எங்கள் ஊரில் ஒருவரும் ஏறவில்லை என்றே பதிவானது. மூன்றாவது வாரம் போய்ச் சொன்ன பிறகே சரிசெய்தார்கள். பெண்கள் "நமக்குத்தான் காசு கிடையாதே" என்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தக் கட்டணமில்லா டிக்கெட்தான் நம் ஊரில் ஆள் ஏறுகிறது என்பதற்கு ஒரே சாட்சி. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லியிருக்கிறோம்.

பஸ் வந்த பிறகும் காவல் வேண்டும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் அறுவடையிலும் ரோட்டில் நெல் காயப்போடுவதும் வைக்கோல் பரப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். வைக்கோல் அச்சில் சுற்றிக்கொண்டால் வண்டி நின்றுவிடும், சூட்டில் தீப்பிடிக்கவும் கூடும். ஒரு டிரைவர் "இந்த ரோட்டில் ஓட்ட முடியாது" என்று எழுதிக் கொடுத்தால் நடை மறுபடி வெட்டு. அதனால் களத்து மேட்டைச் சுத்தம் செய்து, காலை 7 முதல் 7.30 வரையும் மாலை 5 முதல் 5.30 வரையும் ரோட்டில் எதுவும் கிடக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தோம். வாழை லோடு லாரிக்கும் அதே கட்டுப்பாடு. டீக்கடையில் தொங்கும் தினசரி காலண்டரில் பஸ் வந்த நேரத்தைக் கடைக்காரரே பேனாவால் எழுதுகிறார், வராத அன்றைக்குச் சிவப்பு வட்டம். ஒரே வாரத்தில் இரண்டு வட்டம் விழுந்தால் மறுநாள் காலையே அந்தத் தாள்களோடு டிப்போவுக்கு ஒரு ஆள் போய்விடுவார். ராத்திரி நடை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நெல்லையிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள் விலக்கில் இறங்கி 4 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதற்காக ஆள் எண்ணும் அட்டையை இந்த மாதம் மறுபடி எடுத்திருக்கிறோம், இந்த முறை இரவு 7 முதல் 9.30 வரை, மெயின் ரோட்டு விலக்கிலேயே நின்று.